குளிரணுக்களுக்குள் ஒரு பொலரான்: 2016-ஆம் ஆண்டின் இரு சோதனைகள் எதைக் காட்டின?

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு

2016 ஜூலை மாத இறுதியில் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ ஆய்விதழ் இரண்டு கட்டுரைகளை அடுத்தடுத்து வெளியிட்டது. முதலாவது, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரிலுள்ள ஜிலா ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே டெபோரா ஜின், எரிக் கார்னெல் ஆகியோரின் குழு, ருபீடியம்-87 அணுக்களாலான போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளுக்குள் (மிகக் குளிர்ந்து, ஏறத்தாழ எல்லா அணுக்களும் ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்துவிட்ட வாயு) பொட்டாசியம்-40 அணுக்களை மாசு அணுக்களாகக் கலந்து அவற்றின் ஆற்றலை அளந்தது. இரண்டாவது, டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் யான் ஆர்ல்ட் குழுவினர் செய்தது. அங்கே ஊடகமும் மாசும் ஒரே பொட்டாசியம்-39 அணுவின் இரு வேறு மீநுண் நிலைகளாக (அணுவின் மிக நெருங்கிய உள் ஆற்றல் நிலைகள்) இருந்தன. இரு குழுக்களும் ஒரே முடிவை அறிவித்தன: செறிபொருளுக்குள் விடப்பட்ட மாசு அணு, சுற்றிலுமுள்ள ஒலியலைகளைப் போர்த்திக்கொண்டு, ‘போஸ் பொலரான்’ என்னும் குவாசித்துகளாக, அதாவது சூழலையும் சேர்த்து ஒரே துகள்போல நடந்துகொள்ளும் ஒன்றாக, மாறுகிறது, ஊடகத்துடன் அது கொள்ளும் இடைவினையை வலுக்குன்றிய எல்லையிலிருந்து மிக வலுவான எல்லைவரை விரும்பியபடி மாற்றிப் பார்க்க முடிகிறது.

இந்த ஆய்வுகளின் பின்னணியில் இருந்த ஆசை பழையது. திண்மப் பொருளுக்குள் நகரும் எலக்ட்ரான், படிகத்தின் அதிர்வுகளோடு எவ்வாறு பிணைகிறது என்னும் கேள்விக்கு, அந்தத் திண்மத்தைத் தொடாமல், குளிர்ந்த அணுக்களைக் கொண்டே விடை காண வேண்டும் என்பதே அது. அந்த ஆசை எவ்வளவு நிறைவேறியது, எந்த இடத்தில் சோதனை வேறு பாதையில் திரும்பியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. வலுக்குன்றிய எல்லையில் இச்சோதனைகள் திண்மத்தின் கணக்கை நேர்மையாகப் போலச்செய்தன. வலுவான எல்லையில் அவை திண்மத்தின் கணக்கில் இடமே இல்லாத ஒன்றை அளந்தன. அந்த இரண்டாவது பகுதியே அறிவியலுக்குக் கிடைத்த பெரிய வரவு என்பது என் கருத்து.

திண்மத்தில் இருந்த சிக்கல்

அயனிப் படிகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான் தன்னருகே உள்ள நேர் அயனிகளை இழுக்கிறது, எதிர் அயனிகளைத் தள்ளுகிறது. கயிற்றுக் கட்டிலில் ஒருவர் நகர்ந்து உட்காரும்போது கயிற்றின் தாழ்வும் அவருடனேயே நகர்வதைப்போல, இந்த உருக்குலைவும் எலக்ட்ரானோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. அதனால் எலக்ட்ரானின் ஆற்றல் குறைகிறது, நிறை கூடுகிறது. இக்கருத்தை 1933-இல் லெவ் லாண்டாவ் முன்வைத்தார். சாலமன் பெக்கார் 1946-இல் அதை வளர்த்தெடுத்துப் ‘பொலரான்’ என்று பெயரிட்டார். 1950-களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் ஃப்ரோலிக் அதற்குக் கொடுத்த கணித வடிவமே இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஃப்ரோலிக் மாதிரியில் எலக்ட்ரான் ஒவ்வொரு நிகழ்விலும் ஒரே ஒரு ஃபோனானை, அதாவது படிக அதிர்வின் ஒரு குவாண்டத்தை, உமிழும் அல்லது உட்கொள்ளும். அந்தப் பிணைப்பின் வலிமை முழுவதும் ஆல்ஃபா என்னும் ஒற்றை எண்ணில் அடங்கிவிடுகிறது.

ஆல்ஃபா சிறியதாக இருக்கும்போது கணக்கிட ஒரு வழி உண்டு. மிகப் பெரியதாக இருக்கும்போது பெக்கார் காட்டிய வேறொரு வழி உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிதான் கடினமானது. 1955-இல் ரிச்சர்ட் ஃபைன்மன் தம் பாதைத் தொகையீட்டு முறையால் இரு எல்லைகளையும் ஒரே கணக்கில் இணைத்துக் காட்டினார். பொலரான் கோட்பாட்டில் இன்றும் வியப்புக்குரிய பணி அது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கத் திண்மங்கள் இடம் கொடுக்கவில்லை. காலியம் ஆர்சனைடில் ஆல்ஃபாவின் மதிப்பு சுமார் 0.07, பொட்டாசியம் குளோரைடில் சுமார் 3.5. ஒரு படிகத்தை எடுத்துக்கொண்டால் அதன் ஆல்ஃபா இயற்கை கொடுத்த மதிப்பில் நின்றுவிடுகிறது. அதோடு, காலியம் ஆர்சனைடின் ஒளியியல் ஃபோனான் (அருகருகே உள்ள இருவகை அயனிகளும் எதிரெதிர்த் திசையில் ஆடும் அதிர்வு) ஒருமுறை அதிர எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு பிகோவிநாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்பதால், பொலரான் ‘உருவாகும்’ கணத்தைக் கண்ணெதிரே பின்தொடர்வது அரிது.

ஒளிப்படிகம் அதிர்வதில்லை

குளிரணு ஆய்வுகளை ஓரளவு அறிந்த வாசகர் இங்கே ஒரு கேள்வி எழுப்பலாம். லேசர் கதிர்களை எதிரெதிராகச் செலுத்தி, அவற்றின் நிலையலைகளால் அணுக்களை ஒழுங்காக அடுக்கும் ஒளி அணிக்கோவை என்ற ஒன்று இருக்கிறதே. 2002-இல் மியூனிக்கில் அதைக் கொண்டு அணுக்கள் தடையின்றிப் பாயும் மீபாய்ம நிலையிலிருந்து அவை தத்தம் குழியிலேயே நின்றுவிடும் மோட் மின்கடத்தா நிலைக்கு மாறுவதையே காட்டினார்களே. படிக அதிர்வுகளை அதிலேயே பார்க்க முடியாதா?

முடியாது. அதற்கான காரணம் அடிப்படையானது. திண்மத்தில் அயனிகளே படிகத்தை உருவாக்குகின்றன. ஓர் அயனி அசைந்தால் பக்கத்து அயனி அதை உணர்கிறது. ஒளி அணிக்கோவையில் குழிகளின் இடத்தைத் தீர்மானிப்பவை லேசரும், அதைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிகளும். அணுக்கள் எவ்வளவு அசைந்தாலும் குழிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அது முடிவிலா விறைப்புடைய படிகம். அதில் ஒலி இல்லை. எலக்ட்ரான்களின் தாவலையும் ஒன்றையொன்று தள்ளும் விசையையும் அழகாகப் போலச்செய்த ஒளி அணிக்கோவை, மரபான மீகடத்துத்திறனுக்கு அடிப்படையான எலக்ட்ரான்–ஃபோனான் பிணைப்பை மட்டும் வெளியே விட்டுவிட்டது.

ஆகவே அதிர்வை வேறிடத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. கையருகே இருந்தது போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருள். அதில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கவில்லை என்றாலும், அடர்த்தியின் சிற்றலைகள் ஒலியாகப் பரவுகின்றன. அந்த ஒலிக்கும் குவாண்டங்கள் உண்டு. மாசு அணுவை எலக்ட்ரானாகவும், செறிபொருளின் ஒலிக்குவாண்டங்களைப் படிக ஃபோனான்களாகவும் கொண்டால், வலுக்குன்றிய இடைவினையில் சமன்பாடு ஃப்ரோலிக்கின் வடிவத்தை அப்படியே பெற்றுவிடுகிறது. 2000-களின் நடுப்பகுதி முதலே பல கோட்பாட்டாளர்கள் இந்த ஒப்புமையைத் தொடர்ந்து வளர்த்துவந்தனர். ஃபைன்மனின் முறையையே செறிபொருளுக்குப் பொருத்திய கணக்கு 2009-இல் வெளியாயிற்று.

இந்த ஒப்புமையில் ஒரு வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஃப்ரோலிக் கருதிய ஒளியியல் ஃபோனான்களின் அதிர்வெண் அலைநீளத்தைச் சார்ந்து பெரிதாக மாறுவதில்லை. செறிபொருளின் ஒலியோ நீண்ட அலைகளில் அதிர்வெண் சுழியை நோக்கிச் செல்லும் தன்மையது. எனவே இது ஃப்ரோலிக்கின் சமன்பாட்டு வடிவத்தைப் பின்பற்றுகிறதே தவிர, உப்புப் படிகத்தை அல்ல.

எண்களைப் போட்டுப் பார்த்தால்

செறிபொருளில் ஆல்ஃபாவுக்கு ஈடான எண்ணை எழுதுவது எளிது: மாசு அணுவுக்கும் ஊடக அணுவுக்கும் இடையிலான சிதறல் நீளத்தின் இருபடியை, ஊடக அணுக்களுக்கிடையிலான சிதறல் நீளம், செறிபொருளின் மீள்நீளம் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும். சிதறல் நீளம் என்பது, இரு அணுக்கள் மோதும்போது ஒன்றையொன்று எவ்வளவு வலுவாகப் பாதிக்கின்றன என்பதைக் குறிக்கும் நீளம். மீள்நீளம் என்பது, அடர்த்தியில் ஏற்பட்ட ஒரு குலைவு எவ்வளவு தூரத்தில் சரியாகிறது என்பதைக் குறிக்கும் நீளம். ருபீடியம்-87 அணுக்களின் சிதறல் நீளம் சுமார் 5.3 நானோமீட்டர். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.8 × 10¹⁴ அணுக்கள் என்னும் அடர்த்தியை எடுத்துக்கொண்டால், மீள்நீளம் சுமார் 200 நானோமீட்டர் என்றும், ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 2.5 மில்லிமீட்டர் என்றும் கணக்கு வருகிறது. திண்மங்களில் ஒலி விநாடிக்குச் சில கிலோமீட்டர் செல்கிறது என்பதை நினைத்தால், இங்கே எல்லாம் பத்து லட்சம் மடங்குக்கும் மேலாக மெதுவாக நடக்கிறது என்பது புரியும். பிகோவிநாடியில் முடிந்துபோகும் நிகழ்வு மைக்ரோவிநாடிகளாக விரிகிறது. குளிரணுக்களை நாடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பொட்டாசியம்-40, ருபீடியம்-87 அணுக்களுக்கிடையே, காந்தப்புலத்தால் எதையும் மாற்றாத நிலையில், சிதறல் நீளம் ஏறத்தாழ 10 நானோமீட்டர். குறி எதிர்மம், அதாவது ஈர்ப்பு. இந்த எண்களை இட்டால் ஆல்ஃபா சுமார் 0.09 வருகிறது. காலியம் ஆர்சனைடின் மதிப்புக்கு மிக அருகில்! இயல்பான நிலையில் செறிபொருள், ஒரு நல்ல குறைகடத்தியைப்போல வலுக்குன்றிய பொலரானையே தருகிறது. வலுவான பொலரானைப் பெறச் சிதறல் நீளத்தைப் பெரிதாக்க வேண்டும். அதற்கான கருவிதான் ஃபெஷ்பாக் ஒத்ததிர்வு: குறிப்பிட்ட காந்தப்புலத்தை ஒட்டி, சிதறல் நீளம் இருபுறமும் எல்லையின்றி வளரும். இவ்விரு அணுக்களுக்கும் அத்தகைய ஒத்ததிர்வு 546.6 காஸ் அருகே இருக்கிறது.

ஆல்ஃபாவை 10 ஆக உயர்த்த என்ன வேண்டும் என்று பார்ப்போம். சிதறல் நீளம் சுமார் 100 நானோமீட்டர் ஆக வேண்டும். மேற்சொன்ன அடர்த்தியில் அடுத்தடுத்த ருபீடியம் அணுக்களுக்கிடையே உள்ள சராசரி இடைவெளி சுமார் 180 நானோமீட்டர், மீள்நீளம் 200. மாசு அணுவின் செல்வாக்குப் பரப்பு, ஊடக அணுக்களின் இடைவெளியில் பாதியைத் தாண்டிவிட்ட நிலையில், அது தொடுவது மெல்லிய ஒலியலையை மட்டுமே என்று கொள்ள இயலாது. அது ஒவ்வொரு ருபீடியம் அணுவோடும் தனித்தனியே மோதுகிறது. ஃப்ரோலிக் வடிவத்துக்கு வரும்போது சிறியது என்று தள்ளிவிடப்பட்ட உறுப்பு ஒன்று உண்டு; ஏற்கெனவே இருக்கும் ஒரு ஃபோனானை மாசு அணு வேறு திசைக்குச் சிதறடிக்கும் உறுப்பு அது. வலுவான பொலரானைத் தேடிப் போகும் அதே இடத்தில் அந்த உறுப்பும் பெரிதாகிவிடுகிறது. எந்தச் சாளரத்தின் வழியே ஃபைன்மனின் கடினமான பகுதியைப் பார்க்க நினைத்தோமோ, அந்தச் சாளரம் ஃப்ரோலிக் மாதிரியின் எல்லைக்கு வெளியே திறக்கிறது. ராத், ஷ்மிட் ஆகிய இருவர் 2013-இலேயே கோட்பாட்டு வழியில் இதை எச்சரித்திருந்தனர்.

அளவீடு நடந்த விதம்

ஜிலா சோதனையின் ஒரு சுற்றை அருகிலிருந்து பார்க்கலாம். முதலில் லேசர்களாலும் பின்னர் ஆவியாதல் முறையாலும் இருவகை அணுக்களும் நானோகெல்வின் வெப்பநிலைக்குக் குளிர்விக்கப்பட்டு, ஒளிப்பொறி ஒன்றில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தப்படுகின்றன. அப்போது பொட்டாசியம் அணுக்கள், ருபீடியத்தோடு அதிகம் உறவு கொள்ளாத ஒரு மீநுண் நிலையில் இருக்கின்றன. காந்தப்புலம் 546.6 காஸை ஒட்டிய ஒரு மதிப்பில் நிறுத்தப்பட்ட பிறகு, ஒரு குறுகிய ரேடியோ அதிர்வெண் துடிப்பு செலுத்தப்படுகிறது. அது பொட்டாசியத்தை, ருபீடியத்தோடு வலுவாகப் பிணையும் மற்றொரு மீநுண் நிலைக்கு மாற்ற முயல்கிறது. மாசு அணு தனியாக இருந்திருந்தால் அந்த மாற்றம் துல்லியமாக அறிந்த ஓர் அதிர்வெண்ணில் நிகழும். செறிபொருளுக்குள் இருப்பதால், பொலரானின் ஆற்றல் எவ்வளவோ அந்த அளவுக்கு அதிர்வெண் விலகுகிறது. பல மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஆயிரக்கணக்கான, அல்லது பல்லாயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் விலகல். அந்த விலகல்தான் தேடும் விடை.

மாறிய அணுக்களைப் படமெடுத்து எண்ணுகிறார்கள். படமெடுத்ததும் அந்த வாயு அழிந்துவிடும். அடுத்த அதிர்வெண்ணுக்குப் புதிதாக ஒரு செறிபொருளை உருவாக்கி, அதே வரிசையை மீண்டும் நடத்த வேண்டும். நிறமாலைக் கோட்டில் நாம் காணும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிச் செறிபொருளின் வாழ்வும் முடிவும் ஆகும்.

இதில் ஓர் இழுபறி இருக்கிறது. துடிப்பு நீளமானால் அதிர்வெண் கூர்மையாகும். ஆனால் அந்த நேரத்துக்குள் மாசு அணுவும் இரண்டு ஊடக அணுக்களும் சேர்ந்து மோதி, மூலக்கூறு உருவாகி, மூன்றும் பொறியை விட்டுத் தப்பிவிடலாம். துடிப்பு குறுகினால் இழப்பு குறையும், நிறமாலை மங்கும். 100 மைக்ரோவிநாடித் துடிப்பு என்றாலே ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் மங்கல் வந்துவிடும். ஆர்ஹூஸ் குழு இந்த இழப்பையே அளவுகோலாக மாற்றிக்கொண்டது பாராட்டத்தக்கது. துடிப்புக்குப் பிறகு வாயுவைப் பொறியில் சற்று வைத்திருந்தால் மாசாக மாறிய அணுக்கள் ஊடக அணுக்களையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகின்றன. எஞ்சியவற்றை எண்ணினால் எத்தனை மாசு உருவாயிற்று என்பது தெரிந்துவிடும். அதே சமயம், நிறமாலை பதிவாகும் குறுகிய நேரத்தில் மூவணு இழப்பு முடிவைப் பாதிக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லை என்பதையும் அவர்கள் காட்டினார்கள். சோதனைக்கு முன் பலருக்கும் இருந்த அச்சம் இதனால் நீங்கிற்று.

இரு சோதனைகளுக்கும் பொதுவான இன்னொரு சிக்கல், பொறிக்குள் செறிபொருளின் அடர்த்தி எங்கும் ஒன்றாக இல்லாதது. மையத்தில் அடர்த்தி அதிகம், விளிம்பில் குறைவு. ஆகவே நிறமாலை பல பொலரான்களின் கலவையாகப் பதிவாகி அகன்றுவிடுகிறது. கோட்பாட்டு வளைவுகளையும் அதே முறையில் சராசரி செய்த பின்னரே ஒப்பிட முடியும். கோடு அகலமாக இருப்பதைக் கண்டதும் ‘குவாசித்துகள் சிதைந்துவிட்டது’ என்று முடிவு கட்டுவது தவறாகிவிடும்.

விடைகளும் அவற்றின் பொருளும்

வலுக்குன்றிய பகுதியில், ஈர்ப்புப் பக்கமும் விலக்கப் பக்கமும் கூர்மையான உச்சியைக் கொடுத்தன. ஆற்றல் கோட்பாட்டோடு நன்றாகப் பொருந்திற்று. இங்கே ‘குளிரணுக்கள் எலக்ட்ரான்–ஃபோனான் பிணைப்பைப் போலச்செய்கின்றன’ என்ற சொல்லுக்கு முழு உரிமை உண்டு.

ஒத்ததிர்வை நெருங்க நெருங்கப் படம் மாறியது. நிறமாலையில் இரண்டு கிளைகள் தெளிவாயின. ஒன்று, ஈர்ப்புக் கிளை. சிதறல் நீளம் எதிர்மத்திலிருந்து ஒத்ததிர்வைக் கடந்து நேர்மத்துக்குப் போகும்போதும் அது துண்டிக்கப்படாமல் தொடர்ந்து தாழ்ந்துகொண்டே செல்கிறது. மற்றொன்று, விலக்கக் கிளை. உயர்ந்த ஆற்றலில் சிறிது காலம் வாழ்ந்து கீழே சரிந்துவிடுகிறது. ஒரே சிதறல் நீளத்தில், அதே காந்தப்புலத்தில், இரு கிளைகளும் உடன் இருக்கின்றன.

நம் வினாவுக்கு இதுவே திருப்புமுனை. ஆல்ஃபா சிதறல் நீளத்தின் இருபடியைச் சார்ந்தது. இருபடிக்குக் குறி தெரியாது. ஃப்ரோலிக் வடிவத்தில், சராசரி அடர்த்தியால் வரும் எளிய இடப்பெயர்ச்சியைக் கழித்துவிட்டால், ஈர்க்கும் மாசும் விலக்கும் மாசும் ஒரே பொலரானையே தர வேண்டும்; ஒரே சிதறல் நீளத்தில் இரு கிளைகள் என்பதற்கு அங்கே இடமே இல்லை. சோதனை காட்டிய இரட்டைக் கிளை, ஃப்ரோலிக் மாதிரி தள்ளிவிட்ட அந்த இரு-ஃபோனான் உறுப்பின் நேரடி விளைவு: மாசு அணுவும் ஓர் ஊடக அணுவும் இணைந்து மூலக்கூறாகும் வாய்ப்பு அதன்வழியேதான் கணக்குக்குள் வருகிறது. ஆர்ஹூஸ் குழு, மூவணு ஒட்டுறவுகளையும் சேர்த்துக்கொண்ட கோட்பாடுகளோடு தம் அளவீடு மிக நன்றாகப் பொருந்தியதாகத் தெரிவித்தது. திண்மத்தின் எலக்ட்ரான் இரண்டு அயனிகளோடு சேர்ந்து ‘மூவராக’ நடந்துகொள்ளும் இத்தகைய இயல்பு ஃப்ரோலிக்கின் உலகத்தில் இல்லை.

இதைத் தோல்வி என்று சொல்ல நான் உடன்பட மாட்டேன். ஒரு மாதிரி எந்த எண்ணில் செல்லாமல் போகிறது என்பதை, அதே கருவியில் ஒரு காந்தப்புலத்தை மட்டும் மாற்றித் தொடர்ச்சியாகக் காட்டிய சோதனைகள் இயற்பியலில் அதிகம் இல்லை. ஆனால் இவற்றை ‘வலுவான ஃப்ரோலிக் பொலரானின் சிமுலேஷன்’ என்று எழுதுவதைக் கைவிட வேண்டும். ஃபைன்மனின் 1955 கணக்கின் வலுவான முனை இன்னும் சோதனைக்குக் காத்திருக்கிறது. டெபோரா ஜின் தம் குழுவின் கட்டுரை வெளிவந்த சில வாரங்களிலேயே, 2016 செப்டம்பரில், மறைந்தார். இதற்கடுத்து வந்த விவாதங்களில் அவர் குரல் இல்லாமற்போனது இத்துறைக்குப் பேரிழப்பு.

ஆர்ஹூஸ் குழு பின்னர் 2021-இல் வெளியிட்ட பணி, காலத்தின் பக்கம் திரும்பியது. இரு துடிப்புகளுக்கிடையே மாசு அணுவின் குவாண்டம் ஒத்திசைவு எவ்வாறு குறைகிறது என்பதைக் குறுக்கீட்டு முறையில் அளந்தபோது, முதலில் மாசு அணுவும் ஓர் ஊடக அணுவும் மட்டுமே பங்கேற்கும் விரைந்த கட்டமும், பின்னர் பல அணுக்கள் சேரும் மெதுவான கட்டமும் தனித்தனியே தெரிந்தன. பொலரான் போர்வை போர்த்திக்கொள்ளும் வரிசை அது. திண்மத்தில் எட்டாக் கனியாக இருந்த காட்சி மைக்ரோவிநாடிகளில் விரிந்து கிடைத்தது.

வெப்பம் என்னும் மூன்றாவது கை

நூறு நானோகெல்வின் என்றால் நமக்கு எல்லையற்ற குளிர். செறிபொருளின் கண்ணோட்டத்தில் அது அப்படி அல்ல. மேலே எடுத்துக்கொண்ட ருபீடியம் அடர்த்தியில், அணுக்களின் இடைவினை ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் சுமார் 67 நானோகெல்வின் வருகிறது. நூறு நானோகெல்வினில் உள்ள வாயுவில் வெப்பத்தால் எழுந்த ஒலிக்குவாண்டங்கள் ஏராளமாக இருக்கும். காலியம் ஆர்சனைடில் ஒளியியல் ஃபோனானின் ஆற்றல் 36 மில்லி எலக்ட்ரான்வோல்ட், அதாவது 400 கெல்வினுக்கும் மேல். அறை வெப்பநிலையிலுள்ள அந்தக் குறைகடத்தி, இந்த அளவுகோலில், நானோகெல்வின் வாயுவைவிடக் ‘குளிர்ந்தது’.

இந்தக் குறையையே ஒரு பலமாக மாற்றிக்கொண்டது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்ட்டின் ஸ்வியர்லைன் குழு. 2020-இல் வெளியான அவர்களுடைய சோதனையில் ஊடகம் சோடியம்-23, மாசு பொட்டாசியம்-40. பொறியின் வெவ்வேறு இடங்களில் நிறமாலையைத் தனித்தனியே பிரித்துப் பார்த்ததால், செறிபொருளின் மையத்திலிருந்து அது உருகி மறையும் விளிம்புவரை பொலரான் என்னவாகிறது என்பதை ஒரே வாயுவில் பின்தொடர முடிந்தது. மிக வலுவான இடைவினையில் பொலரானின் சிதைவு வீதம் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் உயர்ந்தது. அதன் அளவு, போல்ட்ஸ்மான் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கிக் குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலியால் வகுத்தால் வரும் வீதத்தை ஒட்டியிருந்தது. நூறு நானோகெல்வினில் அது சுமார் 76 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை என்றாகும். மின்தடை வெப்பநிலையோடு நேர்கோட்டில் உயரும் ‘விந்தை உலோகங்களில்’ எலக்ட்ரான் சிதறலுக்குச் சொல்லப்படும் அளவுகோலும் இதுவே. இங்கே குளிரணுக்கள் எந்தத் திண்மத்தையும் நகலெடுக்கவில்லை. ஆயினும் திண்மங்களில் விடை தெரியாத ஒரு கேள்விக்கு மிக நெருங்கி வந்திருக்கின்றன.

படிகத்தின் அதிர்வையே கொண்டுவரும் முயற்சிகள்

செறிபொருளின் ஒலியில் அணிக்கோவை இல்லை. படிக அதிர்வையே வேண்டுவோர் வேறு வழிகளைத் தேடினர். ஸ்டான்ஃபோர்டில் பெஞ்சமின் லெவ் குழு 2021-இல் காட்டியது அவற்றில் தெளிவானது. பொதுக்குவிய அமைப்பிலுள்ள இரு கண்ணாடிகளுக்கிடையே ருபீடியம் செறிபொருளை வைத்து, பக்கவாட்டிலிருந்து லேசரைச் செலுத்தினர். அணுக்கள் சிதறடிக்கும் ஒளி கண்ணாடிகளுக்கிடையே பல முறைமைகளில் சுழன்று மீண்டும் அணுக்களையே பாதிக்கிறது. அணுக்களும் ஒளியும் சேர்ந்து தமக்குத் தாமே அணிக்கோவையை அமைத்துக்கொள்கின்றன. இந்த அணிக்கோவை விறைப்பானது அல்ல. ஓரிடத்தில் அசைந்தால் அந்த அசைவு அலையாகப் பரவுகிறது. அலையின் வேகம் அணு–ஒளிப் பிணைப்பின் வலிமையோடு மாறுகிறது. ஒளிப்படிகத்துக்கு ஒலி வந்தது. ஆனால் அங்குள்ள அணுக்கள் அனைத்தும் படிகமாகவே இருக்கின்றன. அந்தப் படிகத்துக்குள் நகர்ந்து அதிர்வோடு பிணையும் எலக்ட்ரானின் பாத்திரத்தை ஏற்க, அந்த ஒளியை உணராத இரண்டாவது வகை அணு ஒன்று தேவை. கண்ணாடிகளுக்கிடையே இருக்கும் ஒளி தொடர்ந்து கசிந்துகொண்டிருப்பதும் கணக்கில் வர வேண்டும்.

அயனிப்பொறிகளையும் ரைட்பெர்க் அணுக்களையும் (எலக்ட்ரான் மிக உயர்ந்த நிலைக்குக் கிளர்த்தப்பட்ட அணுக்கள்) கொண்டு இதே பிணைப்பைக் கட்டுவதற்கான திட்டங்கள் 2012 முதல் வெளிவந்துள்ளன. அவற்றைவிட என் கவனத்தை ஈர்ப்பது முனைவுள்ள மூலக்கூறுகளின், அதாவது ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னும் கொண்டவற்றின், வழி. ஹெரேரா, கிரெம்ஸ் முதலியோர் 2011-இலும் 2013-இலும் அதை முன்வைத்தனர். குழிக்கு ஒன்றாக மூலக்கூறுகளை அடுக்கி, அவற்றில் ஒன்றை மட்டும் சுழற்சி நிலையில் கிளர்த்தினால், அந்தக் கிளர்வு இருமுனை விசையால் குழியிலிருந்து குழிக்குத் தாவுகிறது. மூலக்கூறு தன் குழிக்குள் ஆடும்போது பக்கத்து மூலக்கூறோடு உள்ள தூரம் மாறுகிறது. தாவும் வேகம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம் ஆதலால் அதுவும் மாறுகிறது. இதுவே கிளர்வுக்கும் அதிர்வுக்குமான பிணைப்பு. ஹோல்ஸ்டைன் 1959-இல் எழுதிய மாதிரியில், பிணைப்பு வளரும்போது பொலரான் படிப்படியாகவே கனக்கிறது. தாவலையே அதிர்வு மாற்றும் வகையிலோ, ஒரு குறிப்பிட்ட வலிமையில் பொலரானின் தாழ்நிலை உந்தம் சுழியிலிருந்து திடீரென விலகுகிறது என்று 2010-இல் ஒரு கணக்கு காட்டியது. அந்தத் திடீர் மாற்றத்தைக் காணத் தகுந்த இடம் மூலக்கூறு அணிக்கோவைதான்.

இதற்கும் எண்களைப் போட்டுப் பார்த்தேன். ஜிலாவில் 2013-இல் பொட்டாசியம்–ருபீடியம் மூலக்கூறுகளில் கண்ட இருமுனைப் பரிமாற்றம் 100 ஹெர்ட்ஸ் அளவுடையது. 532 நானோமீட்டர் இடைவெளியும் 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வும் கொண்ட குழியில் மூலக்கூறின் சுழிநிலை ஆட்டம் (மிகத் தாழ்ந்த ஆற்றலிலும் நிற்காத குவாண்டம் அசைவு) சுமார் 44 நானோமீட்டர். தாவலை அது நூற்றுக்கு 25 பங்கு மாற்றுகிறது. பிணைப்பு வலிமையைக் குறிக்கும் எண், அதாவது பிணைப்பின் இருபடியைத் தாவலாலும் அதிர்வு ஆற்றலாலும் வகுத்தது, பத்தாயிரத்தில் மூன்று என்ற அளவில் நின்றுவிடுகிறது. மாற்றம் நிகழ அது 1-ஐ ஒட்டி வர வேண்டும். பொட்டாசியம்–ருபீடியத்தின் இருமுனைத் திருப்புத்திறன் 0.57 டிபை, லித்தியம்–சீசியத்துக்கு அது சுமார் 5.5 டிபை என்பதால், இருமுனையின் இருபடியைச் சார்ந்த தாவல் தொண்ணூறு மடங்குக்கும் மேல் உயரும். குழியையும் 3 கிலோஹெர்ட்ஸ் வரை தளர்த்தினால் அந்த எண் 1-ஐத் தொடுகிறது. ஆனால் அவ்வளவு தளர்ந்த குழியில் மூலக்கூறின் ஆட்டம் இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். தாவலின் மாற்றம் நூற்றுக்கு அறுபது பங்கைத் தாண்டும். முதற்படி உறுப்போடு நிற்கும் சமன்பாடு மறுபடியும் போதாமற்போகும். போதாக்குறைக்கு, அத்தகைய ஆழமற்ற ஒளிக்குழி மூலக்கூறைப் பிடித்துவைக்காது. அது பக்கத்துக் குழிக்கு நழுவத் தொடங்கும்.

நழுவலைத் தடுக்க ஒரு வழி, ஒவ்வொரு மூலக்கூறையும் தனித்தனி ஒளியிடுக்கியில், அதாவது குவிக்கப்பட்ட லேசர் கதிரில், பிடிப்பது. அங்கே இடைவெளியையும் விறைப்பையும் ஒன்றுக்கொன்று கட்டுப்படாமல் தேர்ந்துகொள்ளலாம். 2023-இல் பிரின்ஸ்டன், ஹார்வர்ட் குழுக்கள் கால்சியம் மோனோஃபுளோரைடு மூலக்கூறுகளுக்கிடையே இத்தகைய இடுக்கிகளில் இருமுனைப் பரிமாற்றத்தைக் கண்டன. அங்கே மூலக்கூறுகளின் வெப்ப அசைவு, தூரத்தைக் கலைத்துப் பரிமாற்றத்தின் ஒத்திசைவைக் குலைக்கும் குறையாகவே பதிவாயிற்று. அம்மூலக்கூறுகளைக் குழியின் அதிர்வுத் தாழ்நிலைக்குக் குளிர்விக்க 2024-இல் வழி பிறந்துள்ளது. தாழ்நிலையில் தொடங்கும் அசைவை வெறும் இரைச்சலாகக் கழித்துவிடாமல், கணக்கிட்ட அளவில் கிளர்வோடு பிணைப்பதே அவ்வாய்வகங்களின் முன் உள்ள அடுத்த சோதனை.